குறவஞ்சி கற்பிக்கும் வகுப்பறையும் வாக்ரிப் பெண்களின் உயர்கல்வியும்

தமிழ்நாட்டில் நரிக்குறவர், குருவிக்காரர் என்னும் இரு பெயர்களால் அறியப்படும் மக்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்ட முன்வடிவு 2022 டிசம்பர் 15 அன்று மக்களவையிலும், அதே மாதம் 22 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 1965-இலேயே லோகூர் குழு இதனைப் பரிந்துரைத்திருந்தது என்பதை நினைத்தால், ஒரு கோப்பு இரண்டு தலைமுறைக் காலம் பயணம் செய்திருக்கிறது எனலாம். அக்கல்வியாண்டில் பத்தாம் வகுப்பில் இருந்த மாணவி 2025-இல் கல்லூரிக்கு வந்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் இருந்தவர் 2029-இல் வருவார். இடைப்பட்ட ஆண்டுகளில் நம் கல்லூரிகள் என்ன செய்கின்றன என்பதைப் பொறுத்தே அச்சட்டம் ஏட்டளவில் நிற்குமா, வாழ்வில் பயன் தருமா என்பது முடிவாகும்.

இக்கட்டுரை அம்மக்களுள் பெண்களின் உயர்கல்வி பற்றியது. ஆயினும் இது கல்வித் துறையையோ சமூகநலத் துறையையோ நோக்கி எழுதப்பட்டதன்று. தமிழ்த் துறைகளை நோக்கி எழுதப்பட்டது. கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் எடுத்தாலும் கணினி அறிவியல் எடுத்தாலும், முதலாண்டு மாணவி அமரும் முதல் வகுப்புகளுள் ஒன்று பகுதி ஒன்றின் கீழ் வரும் பொதுத்தமிழ் வகுப்பு. ஏனைய துறைகள் தம் பாடத்தை எடுத்த மாணவியரை மட்டுமே அறிகின்றன. நாம் பெரும்பாலும் எல்லாரையும் அறிகிறோம். ஒரு வாக்ரிப் பெண் கல்லூரியில் நிலைப்பதும் நீங்குவதும் பெரும்பாலும் முதலிரு பருவங்களில் முடிவாகின்றன எனின், அம்முடிவில் தமிழாசிரியர்க்கு உள்ள பங்கு சிறிதன்று. அப்பங்கை நாம் உணரவில்லை என்பதும், உணரவிடாமல் தடுப்பது நம் பாடத்திட்டமும் ஆய்வுமரபுமே என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

பெயர் பற்றி ஒரு சொல். இம்மக்கள் தம்மை வாக்ரி என்றும் தம் மொழியை வாக்ரிபோலி என்றும் வழங்குவர். நரிக்குறவர் என்பது பிறர் இட்ட பெயர். சட்டத்தில் இடம்பெற்றுவிட்ட பெயரும் அதுவே. எனவே சட்டமும் அரசாணையும் பேசப்படும் இடங்களில் நரிக்குறவர் என்றும், ஏனைய இடங்களில் வாக்ரி என்றும் இக்கட்டுரை வழங்கும்.

பட்டியல் மாற்றமும் சான்றிதழும்

பழங்குடியினர் தகுதி எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. முன்னர் இம்மக்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், 20 விழுக்காட்டு இடங்களுக்கு எண்ணிக்கையிலும் கல்வியிலும் மிக்க பல சமூகங்களோடு போட்டியிட்டனர். இப்போது பழங்குடியினர்க்குரிய 1 விழுக்காட்டுக்குள் வந்துள்ளனர். நாற்பது இடங்கள் கொண்ட ஒரு பட்ட வகுப்பில் 1 விழுக்காடு என்பது ஓர் இருக்கைகூட ஆகாது. ஒற்றை இருக்கையாக முழுமையாக்கப்பட்டால் உண்டு, இல்லையேல் இல்லை. இருநூறு புள்ளிச் சுழற்சி முறையில் நடைபெறும் ஆசிரியர் நியமனத்தில் பழங்குடியினர்க்கு இரண்டு இடங்கள். இதனால் மாற்றம் பயனற்றது என்று கருதுவது தவறு. மைய அரசுக் கல்வி நிறுவனங்களில் 7.5 விழுக்காடு, மேற்படிப்பு உதவித்தொகை, ஆண்டுக்கு 750 பேர்க்கு வழங்கப்படும் பழங்குடியின ஆய்வாளர்க்கான தேசிய ஆய்வு நல்கை ஆகியன இப்போதுதான் திறந்துள்ளன. ஆனால் இவற்றுள் பெரும்பான்மை பட்டப்படிப்பைக் கடந்தவர்க்கே எட்டுபவை. மேல்மாடியில் விளக்கேற்றிவிட்டோம், படிக்கட்டு இருளில் கிடக்கிறது.

சான்றிதழ் நடைமுறையும் மாறியுள்ளது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை மண்டலத் துணை வட்டாட்சியர் நிலையிலேயே பெறலாம். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் வழங்க வேண்டும். அதற்கு விசாரணை உண்டு, காலமும் உண்டு. தென்மாவட்டங்களில் காட்டுநாயக்கர் மாணவர்கள் இச்சான்றிதழுக்காகப் பல்லாண்டு அலைந்த வரலாற்றை அறிந்தோர்க்கு இதன் பொருள் விளங்கும். பிற பழங்குடியினரைப் போலன்றி, வாக்ரிக் குடும்பத்துக்கு நிலையான ஊரும் பழைய ஆவணமும் அரிதாகவே இருக்கும். தாத்தாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கேட்கும் அலுவலர், பள்ளிக்கே போகாத தாத்தாவின் பெயர்த்தியிடம் கேட்கிறார்.

பெண்களுக்கென 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் திங்கள்தோறும் 1,000 ரூபாய் தருகிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருத்தல் அதன் அடிப்படை விதி. பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியர்க்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. மிக நல்ல திட்டம். ஆயினும் இடையில் நின்று, தொண்டு நிறுவனத்தின் உறைவிடப் பள்ளியில் இரண்டாண்டு கழித்து, மீண்டும் சேர்ந்து, தனித்தேர்வராய்ப் பத்தாம் வகுப்பை முடிக்கும் பெண்ணின் கல்விப் பாதை ‘ஆறு முதல் பன்னிரண்டு’ என்ற நேர்கோட்டில் அமைவதில்லை. நாடோடி வாழ்வினர்க்கென எழுதப்படாத விதிகள் அவர்களைத் தடுப்பதற்கு எவருடைய தீய எண்ணமும் தேவையில்லை.

எத்தனை வாக்ரிப் பெண்கள் இன்று கல்லூரியில் உள்ளனர் என்ற வினாவுக்கு விடையளிக்கும் ஏற்பாடே இல்லை என்பதையும் இங்கே குறிக்கலாம். உயர்கல்வி குறித்த அகில இந்தியக் கணக்கெடுப்பு பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர் என்று தொகுதியாகவே வெளியிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகப் பழங்குடிப் பெண்களின் எழுத்தறிவு 46.8 விழுக்காடு, மாநிலப் பெண்களின் எழுத்தறிவு 73.4 விழுக்காடு. அக்கணக்கில் வாக்ரிப் பெண்கள் பழங்குடியினராக எண்ணப்படவில்லை. இனி எண்ணப்பட்டாலும், நீலகிரித் தோடரும் கல்வராயன் மலையாளியும் பேட்டை வாக்ரியும் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுவர்.

தாமிரபரணிக் கரையில்

பேட்டை என்று சொன்னது எடுத்துக்காட்டுக்காக மட்டுமன்று. திருநெல்வேலி மாநகரின் மேற்கு ஓரத்திலுள்ள பேட்டையில் நரிக்குறவர் குடியிருப்பு உள்ளது. அதே பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி உள்ளது. அருகே காந்தி நகரில் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி. தென்காசிச் சாலையில் சிறிது மேற்கே சென்றால் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். ஆற்றுக்கு அப்பால் பாளையங்கோட்டையில் 1895-இல் தொடங்கிய சாராள் தக்கர் கல்லூரி. தென்னிந்தியாவில் பெண்கல்வி வேரூன்றிய இடங்களுள் ஒன்று இப்பள்ளத்தாக்கு. அப்பெருமையை நாம் ஒவ்வொரு மேடையிலும் நினைவுகூர்கிறோம். ஆகவே தொலைவு, கல்லூரியின்மை முதலிய வழக்கமான காரணங்களை இங்கே சொல்ல இயலாது. மகளிர் கல்லூரி நடந்து சென்றடையக்கூடிய தொலைவிலேயே இருக்கிறது.

இக்கட்டுரையாளர் வாழும் கங்கைகொண்டான் வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரை நெடுஞ்சாலையில், சிற்றாற்றை ஒட்டிய இவ்வூரில் 2013-இல் 288.40 எக்டேர் பரப்பு புள்ளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு அருகிலேயே சிப்காட் தொழிற்பேட்டை. பெண்களைப் பெருமளவில் பணிக்கு எடுக்கும் சூரிய மின்கலத் தொழிற்சாலை ஒன்று 2025 பிப்ரவரியில் அங்குத் திறக்கப்பட்டது. காலையில் அதற்குச் செல்லும் பேருந்துகளில் மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து பட்டயமும் பட்டமும் பெற்ற இளம்பெண்கள் வருகின்றனர். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வாக்ரி ஆண்களின் வேட்டைத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவந்தபின், அக்குடும்பங்கள் பெண்களின் பாசிமணி, ஊசி விற்பனையைச் சார்ந்தே பெரும்பாலும் வாழ்ந்துவருகின்றன. காட்டைக் காத்த சட்டம் சரியானதே. ஆனால் காடு மூடப்பட்டபோது அதற்கு ஈடாகத் திறக்கப்பட வேண்டிய கதவு ஐம்பது ஆண்டுகளாகத் திறக்கப்படவில்லை. சரணாலய வேலியும் தொழிற்சாலை வாயிலும் ஒரே ஊரில் இருப்பதால் இங்கே இது கண்ணுக்குத் தெரிகிறது. அவ்வாயிலில் கேட்பது சான்றிதழ். சந்தையில் அப்பெண்கள் காட்டும் திறமையன்று.

ஊர்ப்பெயர் பற்றியும் ஒன்று தோன்றுகிறது. கங்கை வரை சென்று மீண்ட சோழப்படையின் பெருமையைத் தெற்கே ஓர் ஊருக்குப் பெயராக வைத்து ஆயிரமாண்டாகக் காத்துவருகிறோம். வடக்கிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக நம் ஊர்களில் வாழும் ஒரு குடியின் மொழிப்பெயரைத் தமிழ் முதுகலை மாணவரிடம் கேட்டால் விடை வருவது அரிது.

பாடநூலில் வாழும் குறத்தி

இங்கிருந்துதான் நம் துறையின் பொறுப்பு தொடங்குகிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி இப்பள்ளத்தாக்கின் இலக்கியம். மேலகரத்துப் புலவர் பாடியது. அதற்குப் பரிசாகப் பெற்ற நிலம் குறவஞ்சி மேடு என்று வழங்கப்பட்டது. சிற்றிலக்கிய அலகில் அதை நாம் விரும்பிக் கற்பிக்கிறோம். வசந்தவல்லியின் பந்தாட்டத்துக்கு ஒரு வகுப்பு, மலைவளத்துக்கு ஒரு வகுப்பு, சிங்கனும் நூவனும் பறவை பிடிக்கும் பகுதிக்கு ஒரு வகுப்பு. அப்போது வகுப்பில் ஒரு பொதுப் புரிதல் உருவாகிறது: சிங்கியும் சிங்கனும் யார்? ‘பேருந்து நிலையத்தில் ஊசிமணி விற்கிறார்களே, அவர்கள்தாம்.’ மாணவர் இவ்வாறு சொல்கின்றனர். ஆசிரியர் பலர் மறுப்பதில்லை. சில வழிகாட்டி நூல்கள் அதையே அச்சிட்டும் விடுகின்றன.

இது பிழை என்பதை இவ்விதழின் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. குறிஞ்சித் திணைக் குறவர், பிற்காலக் குறவஞ்சியின் குறவர், காலனிய ஆவணங்களின் கொறவர் ஆகியோரிடையே உள்ள தொடர்பே நுணுகி ஆராயத்தக்கது. வாக்ரிகளோ இந்தோ ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்த, குசராத்தி மொழிக்கு நெருக்கமான மொழியைப் பேசுவோர். கருநாடகத்தில் பழங்குடிப் பட்டியலில் உள்ள அக்கிப்பிக்கியரோடு உறவுடையோர். தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளிலேயே குருவிக்காரர்க்குத் தனித் தலைப்பு உண்டு. ஜி. சீனிவாச வர்மா வாக்ரிபோலி பற்றி எழுதிய விளக்க இலக்கணத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970-இல் வெளியிட்டது. அறிவு நம்மிடம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உள்ளது. வகுப்பறைக்கு அது வந்து சேரவில்லை.

பெயரொற்றுமையால் வந்த குழப்பம் கல்விசார் பிழையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்து கொறவர் மீது பூசிய கறை, பெயரைப் பகிர்ந்துகொண்டவர்கள் மீதும் படிந்தது. மறுபுறம், திரைப்படமும் திருவிழாவும் குறத்தியை வேடமாக்கின. குலசேகரன்பட்டினம் தசராவில் காளி வேடத்துக்கு அடுத்தபடியாகக் குறவன், குறத்தி வேடங்களைக் காணலாம். நேர்த்திக்கடனாகப் போடப்படும் வேடம், பக்தியில் குறையேதுமில்லை. அதே தெருவில் உண்மையான வாக்ரிப் பெண் பாசிமாலை விற்கிறார். வேடமிட்டவர்க்குத் தட்சிணை விழுகிறது. குறவன் குறத்தி ஆட்டத்தைக் கொச்சையாக நிகழ்த்துவதற்கு எதிரான வழக்கையொட்டி, 2023-இல் அரசு அதற்குத் தடை விதித்தது. ஆடுமேடையைத் திருத்த நீதிமன்றம் முன்வந்தது. பாடமேடையை நாம்தான் திருத்த வேண்டும்.

இப்போது அந்த வகுப்பில் ஒரு வாக்ரி மாணவி அமர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். நாற்பது முகங்கள் அவர் பக்கம் திரும்புகின்றன. பாடலிலுள்ள பாத்திரம் அவரல்லர் என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லும் துணிவு பதினேழு வயதில் முதல் தலைமுறை மாணவிக்கு எளிதன்று. அதன்பின் குறவஞ்சி முடியும் வரை அவர் வகுப்புக்கு வராமல் இருந்தால், வருகைப் பதிவேட்டில் அது ‘சமூகப் பின்னணி காரணமாக ஆர்வமின்மை’ என்றே எழுதப்படும். இந்நிலை கற்பனையாகவே சொல்லப்பட்டது. ஆனால் தமிழ் வகுப்பு நடத்திய எவர்க்கும் இது நம்ப முடியாததாகத் தோன்றாது.

தாய்மொழித் தாளும் பிறமொழிப் பெண்ணும்

2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கியது. 2021 டிசம்பரில் வந்த அரசாணை, அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளைக் கட்டாயமாக்கி, 40 விழுக்காட்டைத் தேர்ச்சி எல்லையாக வைத்தது. இவ்விரண்டையும் இக்கட்டுரையாளர் முழுமனத்தோடு ஏற்பவர். ஆனால் இவற்றின் விளைவாகத் தமிழாசிரியர் ஒரு வாயிற்காவலராகவும் ஆகியுள்ளார். கற்பிக்காமல் காவல் மட்டும் புரிவது அறமாகாது.

வாக்ரிப் பெண்ணின் மொழித்திறனைச் சற்று நிதானமாக நோக்கினால் வியப்பே மிஞ்சும். வீட்டில் வாக்ரிபோலி, சந்தையில் அவ்வவ்வூர்த் தமிழ், நெல்லைத் தமிழும் மதுரைத் தமிழும் வெவ்வேறு என்பதை நம் மாணவர்களைவிட அவர் நன்கு அறிவார். சபரிமலைக் காலத்தில் விற்கும் அளவுக்கு மலையாளம், ஆந்திரப் பக்தர்களிடம் பேரம் பேசும் அளவுக்குத் தெலுங்கு. எழுதப்படாத ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு மூன்று, நான்கு மொழிகளில் வாணிபம் செய்யும் சமூகத்தின் மகள், செய்யுளைச் சீர் பிரித்து எழுதத் தடுமாறினால், ‘மொழித்திறன் குறைந்தவர்’ என்று நாம் குறிக்கிறோம். ஒலிப்புடைய வல்லொலியும் ஒலிப்பிலா வல்லொலியும் பொருள் வேறுபடுத்தும் மொழியிலிருந்து வருபவருக்கு, இரண்டையும் ஒரே எழுத்தால் குறிக்கும் நெடுங்கணக்கு தொடக்கத்தில் மயக்கம் தரும். ஒலியனியல் தாள் நடத்தும் நமக்கு இது எளிய செய்தி. அவருடைய எழுத்துப் பிழைகளை மொழியியல் கண்ணோடு நோக்கினால் அவற்றில் ஓர் ஒழுங்கு தெரியும். ஒழுங்கு தெரிந்தால் திருத்துவதும் எளிதாகும்.

பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளியைத் தமிழ்க் குழந்தை வீட்டுச் செய்தித்தாள், கோயில் பாட்டு, பாட்டியின் கதை வழியாகச் சிறுகச் சிறுகக் கடக்கிறது. வாக்ரிச் சிறுமிக்கு அப்பாலங்களும் இல்லை. ‘தமிழ் நம் தாய்மொழி’ என்று தொடங்கும் முதல் வகுப்பே தம்மை விலக்கி வைக்கிறது என்று அவர் எண்ணினால் அதில் வியப்பில்லை. தாய்மொழியாகவும் கற்பிக்கலாம், ஏற்றுக்கொண்ட மொழியாகவும் கற்பிக்கலாம் என்ற விரிவு தமிழுக்கு உண்டு. வீரமாமுனிவர்க்கும் கால்டுவெல்லுக்கும் அது கிடைத்தது.

பருவத் தேர்வும் திருவிழாவும்

வாக்ரிக் குடும்பங்கள் மகளைப் படிக்கவைக்க விரும்புவதில்லை, சிறுவயதில் மணம் முடிக்கின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். இளவயது மணம் உண்டு, மறைப்பதற்கில்லை. அதனைப் பண்பாடு என்று போற்றும் சில நாட்டார் வழக்காற்றுக் கட்டுரைகளின் கனிவு இக்கட்டுரையாளர்க்கு உடன்பாடன்று. மகளை இரவில் வேற்றிடத்தில் தனியே தங்கவிடத் தயங்கும் வழக்கமும் விடுதிக் கல்விக்குத் தடையாகிறது. எனினும் இவை மட்டுமே தடையெனில், வீட்டிலிருந்து நடந்தே கல்லூரிக்குச் செல்லக்கூடிய குடியிருப்புகளிலேனும் நிலைமை வேறாக இருந்திருக்க வேண்டும்.

நாட்காட்டியைப் பாருங்கள். ஆனியில் நெல்லையப்பர் தேர். அதையொட்டிக் குற்றாலச் சாரல் காலம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயில். புரட்டாசியில் குலசை தசரா. ஐப்பசியில் திருச்செந்தூர்க் கந்த சஷ்டி. கார்த்திகை முதல் தை வரை சபரிமலைக் கூட்டம். குடும்பத்தின் ஆண்டு வருவாய் ஏறத்தாழ முழுவதும் இவ்வேழு மாதங்களில் வருகிறது. விற்பவர் பெரும்பாலும் பெண்கள். நம் முதற்பருவம் ஆனியில் தொடங்கிக் கார்த்திகையில் தேர்வோடு முடிகிறது. அதாவது, கல்லூரி ஒரு பெண்ணிடம் முதலில் கேட்பது அவர் குடும்பத்தின் முழு வணிகப் பருவத்தை. 75 விழுக்காட்டு வருகை விதி இதன்மேல் அமர்கிறது. உழவர் குடும்பத்து மாணவர்க்குப் பொங்கல் விடுமுறை அறுவடையோடு ஒத்து வருவது தற்செயலன்று. நாட்காட்டியை வகுத்தவர்கள் உழவை அறிந்திருந்தனர். அவர்கள் அறியாத தொழில்கள் நாட்காட்டியில் இல்லை.

ஐரோப்பாவின் ரோமா

இந்தியாவிலிருந்து இடைக்காலத்தில் மேற்கு நோக்கிப் பெயர்ந்து, ஐரோப்பா முழுதும் பரவியுள்ள ரோமா மக்களின் கல்வி வரலாற்றை இங்கு ஒப்பிடுவது பயன்தரும். வாக்ரிகளுக்கும் ரோமாக்களுக்கும் நேரடி உறவு கற்பிப்பது இங்கு நோக்கமன்று. இருவர் மொழியும் இந்தோ ஆரியம் என்பதற்கு மேல் ஏதும் கூறத் தேவையில்லை. ஒப்புமை வேறிடத்தில் உள்ளது. 1888-இல் பிரித்தானியாவில் ஜிப்சி லோர் சொசைட்டி தொடங்கியது. ரோமாக்களின் கதை, பாடல், சொற்கள் ஆகியன பல்லாண்டு தொகுக்கப்பட்டன. அத்தகைய ஆய்வு தழைத்த நூற்றாண்டில் ரோமாக் குழந்தைகள் பள்ளிக்குச் சென்றனரா என்ற வினா அதன் மையத்தில் இல்லை. ஐயன் ஹான்காக் என்ற ரோமா மொழியியலாளர் 1971-இல் இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றபின், ஆராயப்பட்டவர் தரப்பிலிருந்து ஆராய்ச்சியை நோக்கும் மரபு வலுப்பெற்றது.

2007 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயம் செக் குடியரசு தொடர்பான ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஒஸ்ட்ராவா நகரில் ரோமாக் குழந்தைகள் அறிவு வளர்ச்சி குன்றியோர்க்கான தனிப்பள்ளிகளில் மிகைவிகிதத்தில் சேர்க்கப்பட்டிருந்தனர். சேர்க்கை, தேர்வு ஒன்றின் அடிப்படையில் நடந்தது. பெற்றோர் இசைவும் எழுத்தில் இருந்தது. ஆயினும் அத்தேர்வு பெரும்பான்மையோரின் மொழியையும் வாழ்க்கையையும் அளவுகோலாகக் கொண்டிருந்ததால், எல்லார்க்கும் பொதுவாகத் தோன்றும் நடைமுறையும் பாகுபாடாகலாம் என்று நீதிமன்றம் கண்டது. யாரும் ரோமாவை வெறுத்ததாக மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. நம் தகுதித் தாள், வருகை விதி, ‘ஆறு முதல் பன்னிரண்டு’ விதி ஆகியவற்றை அத்தீர்ப்பின் வெளிச்சத்தில் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். 2005-இல் தொடங்கிய ரோமா கல்வி நிதியம் போன்றவை பல்கலைக்கழக உதவித்தொகையோடு நில்லாமல், நுழைவுக்கு முந்தைய ஆயத்தக் கல்வியையும் மேற்கொண்டது தற்செயலன்று. உள்ளே நுழைந்தவர் நிலைக்க அது தேவைப்பட்டது.

தமிழ்த் துறை என்ன செய்யலாம்

தமிழ்த் துறை நலவாரியமன்று, 2008-இலேயே நரிக்குறவர் நல வாரியம் அமைக்கப்பட்டுள்ளதே என்று சிலர் கூறுவர். உண்மை. வாரியம் தையல் இயந்திரமும் கடனும் தரலாம். குறவஞ்சியை எவ்வாறு கற்பிப்பது என்று வாரியம் சொல்லாது. வாக்ரிபோலிக்கு இடமளித்தால் தமிழ் நலியும் என்ற அச்சம் இன்னொன்று. இரண்டாயிரம் ஆண்டு எழுத்து மரபுடைய மொழி, எழுத்தே இல்லாத ஒரு சிறுமொழியின் பேச்சாளர்க்கு வழி காட்டுவதால் நலியுமாயின், அந்நலிவுக்குக் காரணம் வேறிடத்தில் தேடப்பட வேண்டும்.

இப்பள்ளத்தாக்கில் இதற்கு முன்னோடிகள் உண்டு. நா. வானமாமலை 1969-இல் ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கியபோது, பல்கலைக்கழகம் கண்டுகொள்ளாத மக்களின் பாடல்களை ஆய்வுப்பொருளாக்கினார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலைத் தனித் துறையாக வளர்த்தது. அவ்வழியே வந்த நாம் வாக்ரிக் குடியிருப்புகளுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு செல்லத் தயங்கியதில்லை. சாமி மூட்டை பற்றி, எருமைப் பலி பற்றி, திருமணச் சடங்கு பற்றி எழுதியுள்ளோம். முனைவர் பட்டங்களும் பெற்றுள்ளோம். தகவலாளி என்று பின்னிணைப்பில் பெயர் இடம்பெறும் பெண், அவ்வாய்வேட்டைப் படிக்கும் நிலையில் இருந்தாரா என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே இல்லை. இனி வாக்ரி குறித்து நல்கை பெறும் ஒவ்வோர் ஆய்வுத் திட்டத்திலும், அச்சமூகத்தில் மேனிலைப் பள்ளி முடித்த ஒரு பெண்ணையேனும் ஊதியத்துடன் உதவியாளராக அமர்த்துவதும், மொழிபெயர்ப்பும் எழுத்தாக்கமும் அவருடையதாயின் கட்டுரையில் இணையாசிரியராகப் பெயரிடுவதும் விதியாக வேண்டும். முதல் ஊதியம் படிப்பின் வழியாக வந்தால், படிப்பு குடும்பத்துக்கு நட்டம் என்ற கணக்கு மாறத் தொடங்கும். ஒரு திருவிழாக் கால வருவாய்க்கு ஈடாகும் தொகை ஆய்வு நல்கையில் பெரிதன்று.

பொதுத்தமிழ் முதற்பருவத்தில், பிறமொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்கென எழுத்துத் தமிழ் இணைப்புப் பயிற்சி ஒன்றை வைக்கலாம். இது வாக்ரிக்கு மட்டுமன்று. நம் வகுப்புகளில் சௌராட்டிரம், தெலுங்கு, உருது வீடுகளிலிருந்து வருவோர்க்கும் உதவும். தனித்து ஒதுக்கப்பட்டதாக எவரும் கூசாதிருக்க அதுவே நல்லது. வருகை விதியில் மருத்துவ விலக்கு, விளையாட்டு விலக்கு என உள்ளன. பருவகால வணிகக் குடும்பத்தார்க்கு ஈடுசெய் வகுப்புடன் கூடிய விலக்கு ஒன்றைச் சேர்ப்பதற்குக் கல்விக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். சான்றிதழ் வரும்வரை தற்காலிகச் சேர்க்கை அளிப்பதும் புதியதன்று. பல பிரிவினர்க்கு நடைமுறையில் உள்ளதே.

பேட்டைக்கும் வள்ளுவர் வகுத்த கல்வி அதிகாரத்துக்கும் இடையே உள்ள தொலைவு இவ்வளவுதான் என்று கூறிவிட முடியாது. திருச்சிராப்பள்ளி அருகே தேவராயநேரியில் வாக்ரிச் சமூகத்தினரே பள்ளி நடத்திய பட்டறிவு, இத்தகைய முயற்சிகள் எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதைக் காட்டுகிறது. அங்கிருந்து பொறியியல் பட்டம் பெற்ற பெண்ணும் வந்துள்ளார். இதுவரை நடந்தவை பெரும்பாலும் அச்சமூகத்தின் முயற்சியால் நடந்தவை.

குறவஞ்சி அலகைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்று இக்கட்டுரையாளர் கூறவில்லை. அது நம் ஆற்றங்கரையின் நூல், நீக்கினால் இழப்பு நமக்கே. அவ்வலகு தொடங்கும் நாளில், இலக்கியக் குறத்தி யார், காலனிய ஆவணத்தின் கொறவர் யார், இன்றைய வாக்ரி யார் என்ற மூன்று வினாக்களையும் வேறுபடுத்திக் காட்டும் முன்னுரைப் பாடம் ஒன்றைச் சேர்க்கக் கோருகிறார். சீனிவாச வர்மாவின் இலக்கணத்திலிருந்து ஒரு பக்கமும், 2022-ஆம் ஆண்டுச் சட்ட முன்வடிவின் நோக்க விளக்கமும் அதற்குப் போதும். பாடத்திட்டக் குழு அடுத்த முறை கூடும்போது இதற்கென இரண்டு வகுப்பு நேரம் ஒதுக்கினால், வரும் ஆனியிலேயே தொடங்கிவிடலாம்.